கண்டதும் குறித்ததும்

நன்னம்பிக்கை முனைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 2,500 கி.மீ. தொலைவில், பனி போர்த்துக் கிடக்கிறது பூவே தீவு. அதன் பரப்பு 49 ச.கி.மீ.; அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பனியே. அதைக் கண்டுபிடித்தவர் யார் என்றால், 1739 சனவரி 1 அன்று அதனைக் கண்ட பிரெஞ்சு மாலுமி பூவே என்று நூல்கள் கூறிவிடுகின்றன. அவ்விடை பாதி உண்மையே.

மூடுபனியின் இடையே அவர் கண்டது ஒரு முனையை மட்டுமே. அதைத் தென்பெருங்கண்டத்தின் நுனி எனக் கருதினார்; தரையிறங்க இயலாமல் திரும்பினார். கதிரவனின் உயரத்தைக் கொண்டு அட்சக்கோட்டை அக்கால மாலுமிகள் ஓரளவு சரியாகவே அறிந்தனர். தீர்க்கக்கோட்டை அறியவோ, கடலில் பிழையாது ஓடும் கடிகாரம் வேண்டும். அது அன்று இல்லை. அந்த அட்சத்தில் ஒரு பாகை பிழைத்தால் கப்பல் 65 கி.மீ. விலகிவிடும், பூவேயின் கணக்கோ பல பாகைகள் பிழைத்திருந்தது.

விளைவு என்ன? ஜேம்ஸ் குக் 1772இலும் 1775இலும் தேடினார். நல்ல கடிகாரம் அவரிடம் இருந்தது. குறிக்கப்பட்ட இடத்தில் கடலே இருந்தது. பூவே பனிமலையைக் கண்டு மயங்கினார் என்று குக் முடிவு செய்தார். அம்முடிவு தவறு, எனினும் குறையை அவர்மேல் சுமத்துதல் முறையன்று. பிறர் சென்று சேர முடியாத இடத்தைக் கண்டேன் என்பது செய்தியாகலாம், அறிவாகாது.

1808இல் ஆங்கிலத் திமிங்கிலவேட்டைக் கப்பல்கள் இரண்டு தீவை மீண்டும் கண்டன. 1825இல் வந்த நோரிஸ், அருகில் இன்னொரு தீவும் உண்டென்று எழுதி, அதற்குத் தாம்சன் எனப் பெயரிட்டார். அப்படியொரு தீவு அங்கில்லை. ஆயினும் 20ஆம் நூற்றாண்டிலும் அது வரைபடங்களில் இடம்பெற்றிருந்தது! உள்ள தீவு தேடியும் கிட்டவில்லை. இல்லாத தீவு ஏட்டில் நிலைத்தது.

இக்குழப்பத்தைத் தீர்த்தது 1898இல் கார்ல் குன் தலைமையில் வந்த ஜெர்மானிய ஆய்வுக்கப்பல் வால்டிவியா. அது தீவைச் சுற்றிவந்து இருப்பிடத்தைத் திட்டமாகக் குறித்தது. தாம்சனைத் தேடியும் காணவில்லை. கண்டுபிடிப்பு நிறைவெய்தியது அன்றுதான் எனக் கொள்வதே பொருந்தும்.

1927இல் நார்வே நாட்டினர் இறங்கித் தங்கி, கரைகளை மீண்டும் அளந்தனர். வடகரை முனை ஒன்றுக்கு அவர்கள் இட்ட பெயர் வால்டிவியா.