ஓய்வு பெற்ற மிக்-21: காயலான் கடைக்கா, காட்சிக்கா? பழைய போர் விமானங்களைக் காப்பது ஏன் முக்கியம்?

62 ஆண்டுகள் இந்திய விமானப்படையில் பறந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. இனி இந்த விமானங்கள் என்ன ஆகும்? இந்தக் கேள்வி நமக்குப் புதுசு இல்லை. முன்பு என்ன செய்தோம் என்று பார்த்தாலே விடை கிடைக்கும்.

கையில் இருந்தது வெளிநாடு போன கதை

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், கான்பூரில் இருந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை இனி யாரும் பறக்கவிட முடியாதபடி சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். எச்.ஏ.எல் நிறுவனம் அவற்றைச் சரிசெய்து மீண்டும் பறக்க வைத்தது. விமானப்படை 1968 வரை பயன்படுத்தியது.

அதன்பிறகு? பிரிட்டன், கனடா, அமெரிக்க அருங்காட்சியகங்களுக்கு அவற்றில் சில போயின. அப்படிப் போன ஒன்று, அமெரிக்காவில் புதுப்பிக்கப்பட்டு 1989-ல் மீண்டும் பறந்தது. டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது.

டகோட்டா திரும்பி வந்தது எப்படி?

1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் வீரர்களை இறக்கியவை டகோட்டா விமானங்கள். பல ஆண்டுகள் கழித்து, பறக்கும் நிலையில் ஒரு டகோட்டா வேண்டும் என்றபோது வெளிநாட்டில்தான் தேட வேண்டியிருந்தது. ராஜீவ் சந்திரசேகர் ஒன்றை வாங்கி, பிரிட்டனில் புதுப்பித்து, விமானப்படைக்குப் பரிசாகத் தந்தார். அவருடைய தந்தை டகோட்டா ஓட்டிய விமானப்படை அதிகாரி. 'பரசுராமா' என்ற பெயரோடு 2018 ஏப்ரலில் அது இந்தியா வந்தது.

நிற்க வைப்பது, பறக்க வைப்பது: என்ன வித்தியாசம்?

காட்சிக்கு வைக்க, எரிபொருளை வடித்து, ஆயுதங்களையும் விமானியின் இருக்கையைத் தூக்கி எறியும் வெடிமருந்தையும் அகற்றினால் முக்கிய ஆபத்துகள் நீங்கிவிடும். அரக்கோணம் ஐ.என்.எஸ் ராஜாளியில் 2017 மார்ச் 29 அன்று ஓய்வு பெற்ற டி.யு-142 விமானங்களில் ஒன்று, இப்படித்தான் விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஆனால் உப்புக்காற்றில் அலுமினியம் அரிக்கும். தொடர் பராமரிப்பு இல்லைன்னா வெறும் கூடுதான் மிஞ்சும்.

பறக்க வைப்பது வேற லெவல் வேலை. ஒவ்வொரு பாகத்துக்கும் எண் வேண்டும். எத்தனை மணி நேரம் ஓடியது, யார் சோதித்தார்கள் என்ற பதிவும் வேண்டும். பாகம் பளபளன்னு இருந்தாலும், அதற்கான காகிதம் இல்லை என்றால் அதை நம்பி விமானத்தை மேலே ஏற்ற முடியாது.

இப்போது செய்ய வேண்டியது என்ன?

மிக்-21-ஐ மேடையில் ஏற்றி வண்ணம் பூசினால் மட்டும் போதாது. உதிரி பாகங்கள், கையேடுகள், பராமரிப்புப் பதிவுகள் ஆகியவற்றையும் சேர்த்துக் காக்க வேண்டும். அதில் வேலை செய்த டெக்னீஷியன்கள் இருக்கும்போதே அவர்களின் அனுபவத்தைப் பதிவு செய்ய வேண்டும். இல்லைன்னா, நாளைக்கு ஒரு மிக்-21 வேணும்னு நாமே வெளிநாட்டில் தேடும் நிலை வரலாம்.

இதனால் யாருக்கு என்ன லாபம்? குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த ஒரு மாணவர், வளாகத்தில் நின்ற இரண்டு ஓய்வு பெற்ற விமானங்கள் தன்னைக் கவர்ந்ததை 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்லியிருக்கிறார். அவர் பெயர் அப்துல் கலாம்.