பச்சைப் பாம்பின் கூற்று: சீன வெண்பாம்புக் கதையில் தோழியின் இடம்

ஹாங்சோ நகரத்து மேற்கு ஏரியைக் களமாகக் கொண்ட சீன வெண்பாம்புக் கதை, பாம்புப்பெண் பாய் சுசெனும் மருந்துக்கடைப் பணியாளன் சூ சியெனும் கொண்ட காதலின் கதையாகவே அறியப்படுகிறது. அவளுடன் உறையும் சியாவ்ச்சிங், பணிப்பெண் என்ற அளவில் ஒதுக்கப்படுகிறாள். இவ்வொதுக்கீடு பனுவல்களோடு பொருந்தவில்லை.

ஃபெங் மெங்லோங் 1624-இல் வெளியிட்ட தொகுப்பில் சியாவ்ச்சிங் பாம்பே அல்லள். பச்சை மீனின் உருமாற்றம். பிற்கால மரபே அவளைப் பாம்பாக்கியது. இது சிறு திருத்தமன்று. இருவரும் ஓரினமாகியபின் அவ்வுறவு வெறும் ஏவலுறவாக நிற்க இயலவில்லை. சிச்சுவான் இசைநாடக மரபிலோ பச்சைப் பாம்பு முதலில் ஆண். வெண்பாம்பிடம் போரில் தோற்றுப் பெண்ணுருக் கொண்டு அவளுடன் வாழ்கிறது. வேட்கையை மரபு அறிந்தேயிருந்தது. மேடையேற்றத்தான் அதற்கு ஆணுரு தேவைப்பட்டது எனக் கருத இடமுண்டு.

ஹாங்காங் எழுத்தாளர் லீ பிஹுவாவின் 'பச்சைப் பாம்பு' (1986) புதினம் அவ்வொப்பனையைக் களைந்தது. கதை முழுதும் சியாவ்ச்சிங்கின் தன்மைக்கூற்று. தாவோயிய நம்பிக்கையில் விலங்கு நெடுங்காலத் தவத்தால் மனித உருப் பெறும். வெண்பாம்பின் தவம் ஆயிரம் ஆண்டு, பச்சைப் பாம்பின் தவம் ஐந்நூறு. ஆகவே இங்கு விலங்குநிலை உருவகமன்று, ஆன்மிகப் படிநிலை. மனிதர் பிறப்பால் பெற்றதைப் பாம்பு ஈட்டிப் பெறுகிறது. பெற்றபின் அதன் தகுதியை ஐயுறுவதே சியாவ்ச்சிங்கின் தன்னறிதல்.

அவள் சூ சியெனையும் விரும்புகிறாளே என்பர். உண்மை, அதனை மறைத்து இப்புதினத்தை முழுமையான பெண்–பெண் காதற்பனுவல் என்பது பிழை. ஆயினும் அவள் பொறாமைக்கு இருமுனை உண்டு. பாய் சுசென் கோபுரத்தடியில் சிறைப்பட்டபின் சூ சியெனைக் கொல்பவள் சியாவ்ச்சிங்கே. அவன்மீது கொண்ட விருப்பம் அவனைக் காக்கவில்லை.

தமிழாய்வாளர்க்கு இவ்விடம் புதிதன்று. தொல்காப்பியம் தோழியைச் செவிலியின் மகளாக வரையறுக்கிறது. அகப்பாடல்களில் மிகுதியாகப் பேசுபவளும் அவளே. எனினும் தனக்கெனக் காதல் இல்லாதவள். (அவளுக்குப் பெயரும் இல்லை என்பதைப் பலரும் பெருமரபின் அழகாகவே பாராட்டுவர்.) லீ பிஹுவா செய்தது, அத்தகைய ஒருத்தியிடம் கூற்றுரிமையுடன் வேட்கையையும் ஒப்படைத்ததாகும்.

இப்புதினத்தைத் தமிழாக்குவோர்க்குச் சிக்கல் விளிச்சொல்லில் எழும். சியாவ்ச்சிங் மற்றவளை 'ஜியெஜியெ' என்றே விளிக்கிறாள். 'அக்கா' எனப் பெயர்த்தால் உறவு உடன்பிறப்பாகச் சுருங்கும். 'தோழி' என்றால் திணைமரபு வந்து நிற்கும். இருப்பினும் 'அக்கா'வே தகும். சீனத்திலும் அச்சொல் உடன்பிறப்பைக் குறிப்பதே. அதற்குள்தான் அவள் தன் விருப்பத்தை ஒளித்து வைத்திருக்கிறாள். மொழிபெயர்ப்பாளர் அதனை வெளியே இழுத்துவிடலாகாது.