நீர்வழியே ஒரு நடைவழி

தேக்கடிக்குச் செல்லும் மாணவர் குழாங்கள் ஓடமேறி யானையைத் தேடித் திரும்புகின்றன. அவ்வேரி நீர் எவ்வாறு தமிழ்நாட்டிற்கு இறங்குகின்றது என வினவுவார் அரியர். சென்ற விடுமுறையில் லோயர் கேம்ப்பினின்று கூடலூர்வரை யாம் நடந்தே வந்தோம். நெடுஞ்சாலையிற் பேருந்துகளுக்கு ஒதுங்கியொதுங்கி வந்தமையால் கண்டது சிறிது; உண்ட புழுதி பெரிது. இக்கருத்து எமக்குத் தோன்றியது அந்நடையிலேதான்.

ஜெர்மனி நாட்டு ஹார்ட்ஸ் மலையில், வெள்ளிச் சுரங்கங்களின் நீர்ச்சக்கரங்களைச் சுழற்ற முன்னோர் வெட்டிய கால்வாய்கள் உள. சுரங்கத்தொழில் ஒழிந்தும் அவற்றின் கரைகள் நடைவழிகளாய் வாழ்கின்றன. 2010இல் யுனெஸ்கோ அந்நீரமைப்பை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. ஆண்டுச் சுரங்கத்திற்காக நீர் வந்தது; ஈண்டோ நீருக்காகவே மலை குடையப்பட்டது. மேற்கே ஓடிய பெரியாற்றை அணையால் மறித்து, மலைமுதுகை ஒரு மைலுக்கு மேல் துளைத்துக் கிழக்கே திருப்பினர். 1887இல் தொடங்கிய வேலை 1895 அக்டோபர் 10இல் வென்லாக் பிரபுவால் திறந்துவைக்கப்பெற்றது. அந்நீர் இன்று நான்கு பெருங்குழாய்களில் வீழ்ந்து மின்சாரம் ஈன்றும், மிகுந்தது இரைச்சல் பாலத்துவழி ஆர்ப்பரித்தும் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை ஊட்டி, வைகையை அடைகின்றது. அப்பாலத்தருகே நின்றபோது ஒருவர் பேச்சு மற்றவர்க்குக் கேட்டிலது; பெயரிட்டவர் பொய்யுரைத்தாரல்லர்.

இந்நீரையொட்டி லோயர் கேம்ப் முதல் கம்பம்வரை ஒரு நடைவழி வேண்டும் என்பதே எம் கோரிக்கை. நடமாட்டம் மிகின் குப்பை மிகும், கரை சிதையும், பயிர் மிதிபடும் என்பர். அவ்வச்சம் பொய்யன்று. ஆதலின் முதற்கண் உழவரைக் கேட்டே வழி வகுத்தல் வேண்டும். சிமெண்டுத் தளமும் பூங்காவும் வேண்டா. மண்கரையும் மரநிழலும் போதும்.

பென்னிகுக் துரைக்கு 2013இல் மணிமண்டபம் எழுந்தது, தக்கதே. பாலார்பட்டியார் அவர் பெயரால் பொங்கலிடுவதும் நன்றியறிதலே. ஆயினும் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்ட கூலியாட்களை நினைவூட்டும் கல் ஒன்றேனும் யாம் நடந்த வழியிற் கண்டிலேம். பெயர் கிடைத்தால் பெயர், கிடையாவிடின் தொழில் — கல்லுடைத்தார், சுண்ணாம்பரைத்தார், மண்சுமந்தார் — என வழிநெடுகக் கல்லிற் பொறிக்கலாமன்றோ?

வரும் பொங்கல் விடுமுறையில் உழவர் இசைவு பெற்று அவ்வழியைக் காலால் அளந்து படம் வரைய எண்ணியுள்ளோம். உடன்வர விரும்பும் நண்பர்கள் பெயர் தருக. பழஞ்செருப்பும் நீர்க்குடுவையும் கொணர்க.