தொலைந்த வலை எங்களுடையது

எங்கள் ஊரான நாயாற்றில் குப்பை என்றால் சொப்பிங் பையைத்தான் திட்டுகிறோம். 2017 செப்டெம்பரில் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிக்குத் தடை வந்தபோது நல்லது என்றோம். அதே ரெஜிபோமை மிதவையாகக் கட்டிக் கடலில் இறக்குவதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெயிலில் அது மணிமணியாக உதிர்வதையும், மாரியில் முகத்துவாரம் உடைத்துக்கொள்ளும்போது களப்பின் குப்பையெல்லாம் கடலுக்குப் போவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஒற்றை நைலோன் இழையில் பின்னிய தங்கூசி வலையில் எங்கள் குற்றம் இன்னும் பெரிது. சட்டத்தில் தடை இருக்கிறது. மலிவு, மீனின் கண்ணுக்குப் படாது என்று வாங்கினோம். கிழிந்தால் பொத்தி மாளாது என்று எறிந்தோம். நைலோன் கடல்நீரைவிடப் பாரமானது. அறுந்த வலை ஈயத்தோடு அடியில் கிடந்து, எவரும் எடுக்காத மீனையும் நண்டையும் ஆமையையும் கொன்றுகொண்டே இருக்கும். நாளை எங்கள் பிள்ளைகள் பிடிக்கவேண்டிய மீன் அது.

பருத்தி வலைக்குத் திரும்பச் சொல்லவில்லை. பட்டை அவித்துச் சாயம் ஏற்றி, நாளும் காயவைத்துக் காத்த அந்தப் பாடு போதும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் வேறேதும் உண்டா என்று நாங்கள் கேட்கவேயில்லை. உண்டு. கடலின் நுண்ணுயிர்கள் தின்று சிதைக்கும் பிபிஎஸ் என்ற பிளாஸ்ரிக்கில் வலை பின்னி, 2007இல் தென்கொரியா தன் மீனவருக்குக் கொடுக்கத் தொடங்கியது. விலை அதிகம்; நோர்வேயில் பரீட்சித்தபோது நைலோன் வலையைவிட மீனும் குறைவாகவே பட்டது. நாட்கூலிபோல் மீனை நம்பியிருக்கும் குடும்பத்திடம் இதை மறைக்கக்கூடாது. உக்கும் என்று அச்சடித்த எல்லாவற்றையும் நம்பவும் கூடாது. சோள மாப்பொருளில் செய்யும் பிஎல்ஏ, 60 பாகை அளவு சூடுள்ள உரத் தொழிற்சாலையில்தான் ஒழுங்காக உக்கும். கடலில் வருடக்கணக்காக அப்படியே கிடக்கும்.

செலவில்லாத வழியைக்கூட நாங்கள் எடுக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வேதனை. கனடாவின் மேற்குக் கரையில் நண்டுக்கூட்டின் ஒரு வாயைப் பருத்தி நூலால்தான் கட்டவேண்டும் என்பது விதி. கூடு தொலைந்தால் நூல் உக்கும், வாய் திறக்கும், நண்டு தப்பும். மிதவைகளை வலையோடு பருத்தி நூலால் கட்டினால், தொலைந்த வலையும் காலப்போக்கில் மடிந்து படுத்து, மீனைப் பிடிப்பது குறையும். நூல் அறுமுன் மாற்றிக் கட்டுவது எங்கள் கைவேலைதான்.

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: மிதவைக்கு உதிராத கடும் பிளாஸ்ரிக், கட்டுவதற்குப் பருத்தி நூல், பரீட்சித்துப் பார்க்க ஒரு சில உக்கும் வலைகள். அதுவரை அறுந்த வலையைக் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவாருங்கள்.