ஒட்டு, எண்டர் தட்டு... அப்புறம்?

லினக்ஸ் பக்கம் கொஞ்ச நாள் சுத்தினவங்களுக்கு இந்தக் காட்சி அத்துப்படியா இருக்கும். ஒருத்தர் வந்து "அண்ணே, வைஃபை வரலை"ன்னு கேட்பார். அஞ்சே நிமிஷத்துல பதில் வந்துடும். ஒரே ஒரு வரி. சூடோவில் ஆரம்பிச்சு, நடுவுல நாலு ஹைபன், ரெண்டு சாய்கோடு. "இதை டெர்மினல்ல ஒட்டி எண்டர் தட்டுங்க, சரியாயிடும்." கேட்டவர் ஒட்டுவார், தட்டுவார். வேலை செஞ்சா "நன்றி தலைவா". செய்யலைன்னா இன்னொருத்தர் இன்னொரு வரி கொடுப்பார். மூணாவது வரிக்கு அப்புறம் எந்த வரி எதைக் கெடுத்துச்சுன்னு அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

என் கட்சி இதுதான் மக்களே: என்ன செய்யும்னு சொல்லாம கொடுக்கிற கட்டளை பதிலே இல்லை. அதை உதவின்னு சொல்லிக்கிறதை நாம நிறுத்திக்கணும்.

டிஸ்கி: இந்தப் பதிவுல வர்ற கட்டளைகளை எல்லாம் தமிழ் எழுத்துலதான் எழுதியிருக்கேன். வேணும்னேதான். காப்பி பேஸ்ட் பண்ண முடியாது பாருங்க, படிச்சுத்தான் ஆகணும் :-)

முதல்ல ஒரு சாதுவான கேள்வியை எடுத்துக்குவோம். ஒரே பொட்டியில விண்டோஸும் உபுண்டுவும் வச்சிருக்கிறவங்க என்னைக்காவது ஒரு நாள் கேட்டே தீருவாங்க: "உபுண்டுல இருந்துட்டு விண்டோஸுக்குப் போனா கடிகாரம் தப்பா காட்டுது, ஏன்?" வழக்கமான பதில், டைம்டேட்சிடிஎல்னு தொடங்குற ஒரு வரி. ஒட்டினா நேரம் சரியாயிடும். கதை முடிஞ்சது.

இதையே காரணத்தோட சொல்லிப் பாருங்க. மதர்போர்டுல ஒரு குட்டி பேட்டரியோட ஒரு கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கு. லினக்ஸ் அதுல யூடிசி, அதாவது உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதுல உள்ளூர் நேரம் இருக்குன்னு நினைச்சுப் படிக்கும். நமக்கும் யூடிசிக்கும் 5 மணி 30 நிமிஷம் வித்தியாசம். அதனால சாயங்காலம் 6 மணிக்கு விண்டோஸ் மத்தியானம் 12.30ன்னு காட்டும். சென்னையிலயும் யாழ்ப்பாணத்துலயும் அஞ்சரை மணி நேரம் பின்னாடி, சிங்கப்பூர்ல எட்டு மணி நேரம் பின்னாடி. அவ்வளவுதான் விஷயம்.

இப்ப கேட்டவர் கையில என்ன இருக்கு பாருங்க. தீர்வு ரெண்டு விதம்னு அவருக்கே புரியுது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாத்தலாம், இல்லைன்னா விண்டோஸை யூடிசிக்கு மாத்தலாம். முதல் வழியில போனா டைம்டேட்சிடிஎல்லே "இது சரியா வராதுங்க"ன்னு ஒரு எச்சரிக்கை காட்டும். அது ஏன்னும் அவருக்குப் பிடிபடும். அதைவிட முக்கியம், நாளைக்கு அவர் நண்பரோட பொட்டியில கடிகாரம் அஞ்சரை மணி நேரம் தப்பாம, பல வருஷம் பின்னாடி போய் நின்னா, "இது அது இல்லை, பேட்டரி செத்துருச்சு"ன்னு அவரே சொல்லிடுவார். ஒரு வரி கொடுத்திருந்தா ஒரு பொட்டி சரியாகியிருக்கும். நாலு வரி விளக்கினதுல பதில் சொல்ற ஆள் ஒருத்தர் கூடிட்டார்.

சரி, கடிகாரம் தப்பானா யாரும் செத்துட மாட்டாங்க. அடுத்ததுக்கு வருவோம்.

உபுண்டுல எதையாவது நிறுவப் போனா சில நேரம் "பூட்டு கிடைக்கலை"ன்னு ஒரு பிழைச் செய்தி வரும். இதுக்கு ஊரெல்லாம் சுத்துற பதில், ஆர்எம் போட்டு அந்த லாக் கோப்பை அழிச்சிடுங்கறதுதான். வேலையும் செய்யும், அதுதான் பிரச்சினையே. அங்கே நிஜமா என்ன நடக்குது? பாதுகாப்புப் புதுப்பிப்புகளை உபுண்டு பின்னணியில தானாவே நிறுவும். அந்த நேரத்துல என்னென்ன மென்பொருள் பொதிகள் இருக்குங்கற பதிவேட்டுல அது எழுதிக்கிட்டிருக்கும். அதே பதிவேட்டுல ரெண்டு பேர் ஒரே நேரத்துல எழுதினா குழம்பிடும், அதுக்குத்தான் பூட்டு. பாத்ரூம் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தா உள்ளே ஆள் இருக்குன்னு அர்த்தம். கொஞ்சம் காத்திருக்கணும். கதவைப் பெயர்த்து எடுக்கக் கூடாது.

இன்னொரு சங்கதி. அந்த லாக் கோப்பு எப்பவுமே அங்கேதான் இருக்கும். பூட்டுங்கறது அந்தக் கோப்பு இல்லை. கோப்பு மேல ஒரு நிரல் கர்னல்கிட்ட கேட்டு வாங்கி வச்சிருக்கிற பிடி. நிரல் முடிஞ்சாலோ செத்தாலோ பிடி தானா விட்டுடும். ஆக, கோப்பை அழிக்க வேண்டிய அவசியமே அநேகமா வராது. பூட்டை எந்த நிரல் பிடிச்சிருக்குன்னு, அதோட எண்ணையும் சேர்த்து, உபுண்டு 20.04-ல இருந்து ஆப்ட்டே சொல்லிடுது, கொஞ்ச நேரம் காத்தும் இருக்குது. ஆனாலும் "அழிச்சிடுங்க"ங்கற பதில் மட்டும் சாகவே மாட்டேங்குது.

இப்ப மூணாவது. இதுல எனக்குக் கோவமே உண்டு. எனக்குத் தெரிஞ்ச ஒரு கல்லூரிப் பொண்ணு. இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறிக்கை கொடுக்க ரெண்டே நாள். ஒரு ஃபோல்டர்ல கோப்பைச் சேமிக்க முடியலை, அனுமதி மறுக்கப்பட்டதுன்னு வருது. யாரோ ஒரு புண்ணியவான் சூடோ சிஎச்மோட் 777-ஐ, உள்ளே இருக்கிற எல்லாத்துக்கும் பொருந்துற மாதிரி பெரிய ஆர் போட்டு, கடைசியில வெறும் சாய்கோட்டோட கொடுத்துட்டார். வெறும் சாய்கோடுன்னா மொத்தப் பொட்டியும்.

அந்த 777 என்னன்னு பார்ப்போம். முதல் எண் கோப்புக்குச் சொந்தக்காரருக்கு, ரெண்டாவது அவரோட குழுவுக்கு, மூணாவது மத்த எல்லாருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினா 7. அதாவது யார் வேணும்னாலும் எது வேணும்னாலும் செய்யலாம். வீட்டுல ஒரு அலமாரி திறக்கலைன்னு தெருக்கதவு, பீரோ, கல்லாப்பெட்டி எல்லாத்தையும் திறந்து போடுற வைத்தியம் இது. வேடிக்கை என்னன்னா, இப்படிச் செஞ்சதும் சூடோவே வேலை செய்யாது. சாதாரணப் பயனர் ஓட்டினாலும் ரூட் அதிகாரத்தோட ஓடறதுக்கு சூடோ நிரல் மேல ஒரு தனி முத்திரை இருக்கும், அது இந்த 777-ல அழிஞ்சு போயிடும். கதவை எல்லாம் திறந்து போட்ட சாவியும் கையோட போச்சு. திரும்பச் சரி பண்ண அதே வழியில போக முடியாது.

கோப்புகள் அப்படியேதான் இருந்துச்சு. லைவ் யூஎஸ்பி போட்டு அறிக்கையை வெளியே எடுத்துட்டாங்க. ஆனா அந்தப் பொண்ணு அதோட லினக்ஸைத் தலைமுழுகிடுச்சு. "அது ரொம்ப டேஞ்சருங்க"ன்னு மத்தவங்ககிட்டயும் சொல்லிட்டிருக்கு. லினக்ஸா டேஞ்சர்? அந்த ஒத்தை வரி பதில்தாங்க டேஞ்சர். "அந்த ஃபோல்டர் யார் பேர்ல இருக்குன்னு முதல்ல பாரும்மா"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்த ஃபோல்டரை மட்டும் அவ பேருக்கு மாத்தி முடிச்சிருக்கலாம்.

அடுத்து, பதில்களுக்கும் வயசாகும். "சத்தம் வரலை"ங்கற கேள்வியையே எடுத்துக்குங்க. 2000-களின் தொடக்கத்துல ஓஎஸ்எஸ்னு ஒண்ணு. 2003 டிசம்பர்ல கர்னல் 2.6 வந்தப்ப அல்சா உள்ளே வந்துச்சு. 2008-ல உபுண்டு 8.04 பல்ஸ்ஆடியோவைக் கொண்டு வந்துச்சு. 2022-ல உபுண்டு 22.10 பைப்வயருக்கு மாறிடுச்சு. கேள்வி ஒண்ணுதான், ஆனா காலத்துக்கு ஏத்த மாதிரி பதில் நாலு. 2009-ல ஒருத்தர் ரொம்ப சரியா எழுதின பதில் இன்னிக்கு ஒருத்தரோட பொட்டியில ஒலியை மொத்தமா ஊமையாக்கிடலாம். எழுதினவர் மேல குத்தமில்லை. எந்தப் பதிப்புக்கு எழுதினார்னு ஒரு சொல் போட்டிருந்தா, படிக்கிறவர் சுதாரிச்சிருப்பார். அதுலயும் உபுண்டுக்கு இது கஷ்டமே இல்லை. 24.04-னா 2024 ஏப்ரல். பதிப்பு எண்ணுலயே தேதி இருக்கு.

"நீ சொல்றது எல்லாம் சரி, கேட்கிறவங்க மட்டும் ஒழுங்கா?"ன்னு நீங்க கேட்கிறது காதுல விழுது. "வேலை செய்யலை"ன்னு மொட்டையா கேட்பாங்க. எந்தப் பதிப்பு, என்ன பிழைச் செய்தி, என்ன பண்ணிப் பார்த்தாங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பிரச்சினை தீர்ந்ததும் ஆளே காணாம போயிடுவாங்க, எப்படித் தீர்ந்துச்சுன்னுகூட சொல்லாம. உண்மைதான். இதுக்காகவே எரிக் ரேமண்ட் 2001-ல புத்திசாலித்தனமா கேள்வி கேட்பது எப்படின்னு ஒரு நீளமான கட்டுரை எழுதினார். புதுசா வர்றவங்க மூஞ்சியில இன்னிவரைக்கும் அதைத்தான் விட்டெறியறோம். அதே கட்டுரையோட கடைசிப் பக்கமா பதில் சொல்வது எப்படின்னும் ஒரு பகுதி இருக்கு. விட்டெறியறவங்க அந்தப் பகுதியைப் படிச்ச மாதிரி தெரியலை.

கேள்வியைக் கேவலமா நினைக்காதீங்க சாமிகளா. 1991 ஆகஸ்ட் 25-ல லினஸ் டோர்வால்ட்ஸ் தான் ஒரு இயங்குதளம் எழுதிக்கிட்டிருக்கிறதா முதல்முதலா சொன்னப்ப, மினிக்ஸ்ல உங்களுக்கு என்ன பிடிக்குது, என்ன பிடிக்கலைன்னு கேட்டுத்தான் ஆரம்பிச்சார்.

"விளக்கமெல்லாம் யாரு படிக்கிறா, அவனுக்கு வேலை நடந்தா போதும்"னு சிலர் சொல்வாங்க. கேட்டவர் படிக்காமலே போகலாம். ஆனா ஒரு கேள்விக்கான பதிலைக் கேட்டவர் மட்டுமா படிக்கிறார்? அதே பிரச்சினையோட பின்னாடி தேடி வர்றவங்க படிக்கிறாங்க. அவங்க பொட்டி வேற, பதிப்பு வேற. கட்டளை அவங்களுக்குப் பொருந்தாமப் போகலாம், காரணம் பொருந்தும்.

தமிழ்ல எழுதுற நமக்கு இதுல கூடுதல் பொறுப்பு இருக்குன்னு நினைக்கிறேன். "லினக்ஸ்ல தமிழ் தட்டுறது எப்படி?" இந்தக் கேள்விக்கு வயசு இருபதுக்கு மேல. ஒரு காலத்துல பதில் ஸ்கிம், அப்புறம் ஐபஸ். கூடவே எம்17என் பொதி. அதை நிறுவினா தமிழ்99, ஃபொனெடிக், தட்டச்சு, இலங்கைக்காரங்களுக்கு ரெங்கநாதன்னு வரிசையா விசைப்பலகைகள் இருக்கும். "இதை நிறுவுங்க"ன்னு மட்டும் சொன்னா, அவர் நிறுவிட்டு எதைத் தேர்ந்தெடுக்கிறதுன்னு தெரியாம முழிப்பார். ஐபஸ்ங்கறது விசைகளை வாங்கி எழுத்தா மாத்துற ஏற்பாடு, எம்17என் அதுக்கு வேண்டிய விசை வரைபடங்களைக் கொடுக்குதுன்னு சொன்னா, அவரே பார்த்துக்குவார். பிழைச் செய்தி எல்லாம் ஆங்கிலத்துல வருது. அந்த ஆங்கிலம் தடுக்கி நிக்கிறவர்தான் தமிழ்ல கேட்கிறார். அவருக்கு நாமளும் புரியாத ஒரு வரியைக் கொடுத்தா, தமிழ்ல பதில் சொன்னதுக்கு என்ன அர்த்தம்?

இது இன்னிக்கு ஏன் அவசரம்னா, 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11 ஏறாத பொட்டியை வச்சிருக்கிறவங்க சிலர் நம்ம பக்கம் எட்டிப் பார்க்கிறாங்க. இன்னொரு பக்கம் ஏஐ அரட்டை நிரல்கள். கேட்ட நொடியில கட்டளை கொட்டுது. அதுங்களும் நாம இத்தனை வருஷமா எழுதிப் போட்டதைப் படிச்சு வளர்ந்ததுங்கதான். நாம காரணம் எழுதாம விட்ட 777-ஐ அது ரொம்ப மரியாதையா, நம்பிக்கையா திருப்பிச் சொன்னா ஆச்சரியப்படாதீங்க.

கட்டற்ற மென்பொருள்னா காசில்லாத மென்பொருள் மட்டும் இல்லைன்னு மேடைக்கு மேடை சொல்றோம். உள்ளே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிற சுதந்திரம்னு சொல்றோம். அப்புறம் "கேள்வி கேட்காம இதை ஒட்டு"ன்னு சொன்னா அது எந்த ஊரு சுதந்திரம்?

பெருசா ஒண்ணும் கேட்கலை. கட்டளை கொடுக்கிறப்ப கூடவே மூணு விஷயம்: இது என்ன செய்யும், எந்தப் பதிப்புல செஞ்சு பார்த்தது, வேணாம்னா திரும்ப எப்படி மாத்துறது. மூணும் சேர்ந்தா நாலு வரி. மூணையும் சொல்ல முடியலைன்னா அந்தக் கட்டளை நமக்கே முழுசா தெரியலைன்னு அர்த்தம். அப்ப வேற யாராவது தெரிஞ்சவங்க சொல்லட்டும்னு விட்டுடலாமே.

நீங்க பார்த்ததுலயே மோசமான "இதை ஒட்டுங்க" பதில் எது? பின்னூட்டத்துல சொல்லுங்க. ஆனா அது என்ன செய்யும்னு சேர்த்துச் சொல்லுங்க, ஆமா!