பெறுகிறவள் அவள், இடம் குறிப்பவர் யார்?

"பிள்ளை எப்போது பிறந்தது?" என்று நம் பாட்டிமாரைக் கேட்டால், "அந்த ஐப்பசிப் பெருமழையில்" என்பார்கள், "கீழத்தெரு தீப்பற்றிய மறுவாரம்" என்பார்கள். இன்று பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரை நாம் கேட்டால், நாளும் மணியும் நிமிடமும் தட்டாமல் தவறாமல் ஒப்புவிக்கின்றனர். மகிழ்ச்சி! ஆனால் கேளாமலே மற்றொன்றையும் பெருமையோடு சேர்த்துச் சொல்கின்றனர்: "நல்ல நேரம் பார்த்து எடுத்தோம், சார்!"

பிறந்தான் என்ற சொல் போய், எடுத்தோம் என்ற சொல் வந்துவிட்டது, தோழர்களே! கிணற்றில் நீர் எடுப்பதுபோல, வங்கியில் பணம் எடுப்பதுபோல, பிள்ளையை 'எடுக்கின்றனர்'. எப்போது எடுக்க வேண்டும் என்று சொன்னவர் யார்? தாயின் நாடி பார்த்த மருத்துவரா? குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்ட செவிலியரா? அல்லர். கட்டம் போட்ட சோதிடர்! மயக்க மருந்தும் மின்விளக்கும் கத்தியும் கையுறையும், அறிவியல் நானூறு ஆண்டு பாடுபட்டுத் தேடித்தந்த அத்தனைச் செல்வமும், பஞ்சாங்கத்தின் வாயிற்படியில் கைகட்டி நிற்கின்றன. "ஐயா, எத்தனை மணிக்கு அறுக்கட்டும்?" என்று கேட்கின்றன!

மூலம் மாமனாருக்கு ஆகாதாம்; ஆயில்யம் மாமியாருக்கு ஆகாதாம்; கேட்டை மூத்த மைத்துனருக்குக் கேடாம்; சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பமே நடுத்தெருவிலாம். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே, "ஒருவேளை பெண்ணாக இருந்துவிட்டால்?" என்று, இன்னும் பிறவாத பெண்ணுக்கு, இன்னும் பிறந்திருக்கிறானோ இல்லையோ தெரியாத மாப்பிள்ளையின் தகப்பனாரை எண்ணி, மூல நட்சத்திரத்தைத் தவிர்த்து வயிற்றைக் கிழிக்கின்றனர். 39 வாரம் நிறைவதற்கு முன் காரணமின்றி அறுத்தெடுக்கும் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் மிகுதி என்பது மருத்துவம் கண்ட உண்மை. நட்சத்திரம் நன்றாக அமைந்தது, நுரையீரல் அமையவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது, அரசாளப் பிறந்த பிள்ளை!

வைதிகர் வீட்டில் மட்டும் நடப்பது இது என்று நம் தோழர்கள் தப்பித்துக்கொள்ள வேண்டாம். இராகு காலத்தில் மணமுடித்தோம், புரோகிதரை வாயிற்படி ஏறவிடவில்லை என்று மார்தட்டும் தோழர்களின் இல்லங்களிலும் நடக்கிறது. கேட்டால், "நமக்கு நம்பிக்கை இல்லை, மாமியார் பிடிவாதம்" என்கின்றனர். மணமேடையில் மறுக்கத் துணிந்த மடமையைப் பிரசவ அறையில் ஏன் ஏற்றுக்கொண்டீர்கள்? மணமேடையில் மாலை மட்டுந்தான் மாறிற்று. இங்கே கிழிபடுவது மனைவியின் வயிறு அல்லவா?

நேரத்தைக் குறிப்பவர் சோதிடர் எனின், இடத்தைக் குறிப்பவர் யார்? தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். ஆகவே, ஏழெட்டு மாதம் ஒரு மருத்துவமனையில் பார்த்து வந்த பெண், வளைகாப்பு முடிந்ததும் முன்பின் அறியாத மற்றோர் ஊர் மருத்துவரிடம் ஒப்படைக்கப்படுகிறாள். எந்த மருத்துவமனை? அத்தை மகள் பெற்ற இடம், பங்காளி வீட்டார் போன இடம், குளிரூட்டிய அறை உள்ள இடம், "நம் தகுதிக்கு ஏற்ற" இடம்! தகப்பன் சொல்வான், மாமன் சொல்வான், மைத்துனன் சொல்வான். பெறப்போகிறவளை மட்டும் ஒருவரும் கேளார். புடவை வாங்கவாவது அவளைக் கடைக்கு அழைத்துச் செல்கின்றனர்!

"அவளுக்கு என்ன தெரியும்?" என்பார் உண்டு. அவர்களுக்காகவே வியன்னா நகரத்து வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

வியன்னாவின் பெரிய மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவர்களும் மாணவர்களும். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள். ஒருநாள் விட்டு ஒருநாள், வருகிறவர்களை மாற்றி மாற்றிச் சேர்ப்பார்கள். 1846-ஆம் ஆண்டில் படித்தவர்கள் நடத்திய முதற்பிரிவில் நூறு தாய்மாரில் 11 பேருக்கு மேல் மாண்டனர். இரண்டாம் பிரிவில் 3 பேருக்கும் குறைவு. ஏழைப் பெண்கள் இதை அறிந்திருந்தனர். முதற்பிரிவு நாளில் வந்துவிட்டவர்கள் மண்டியிட்டு, "அங்கே வேண்டாம்" என்று கெஞ்சினர். தெருவிலேயே பெற்றுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. தெருவில் பெற்றவர்கள்கூட முதற்பிரிவில் பெற்றவர்களைவிட அதிகமாகப் பிழைத்தனர்!

அங்கே பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் ஏன் என்று கேட்டார். பாதிரியார் மணியடித்துக்கொண்டு சாகும் தாய்க்கு இறுதிச் சடங்கு செய்ய முதற்பிரிவின் வழியே போகிறாரே, அந்த அச்சந்தான் கொல்கிறது என்றனர் சிலர். செம்மல்வைஸ் வாதாடவில்லை, சோதித்தார். பாதிரியாரை மணியின்றிச் சுற்றுவழியில் போகச் சொன்னார். சாவு குறையவில்லை. அவருடைய நண்பர் கொலெட்ச்கா, பிண அறுவையின்போது கத்தி கீறி, 1847 மார்ச்சில் இறந்தார். அவருடலில் கண்ட குறிகள் பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாரின் உடலில் கண்டவையே. புரிந்துவிட்டது! பிணத்தை அறுத்த கையோடு தாயைத் தொட்டனர் மருத்துவர். மருத்துவச்சிகள் பிணம் அறுப்பதில்லை. அவ்வாண்டு மே மாத நடுவில், குளோரின் கரைசலில் கைகழுவிய பின்னரே உள்ளே வரவேண்டும் என்று கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 என்றிருந்த சாவு, ஜூனில் 2-ஆக வீழ்ந்தது. இதற்காகப் பெரும் பேராசிரியர்கள் அவரைப் பாராட்டினரா? ஏளனம் செய்தனர்! "கனவான்களின் கை அழுக்கா?" என்று சினந்தனர். 1849-இல் பதவி போயிற்று. 1865-இல் மனநோய் விடுதியில் உயிர் போயிற்று.

எழுத்தறியாத பெண்கள் இடம் தேர்ந்தனர். அவர்கள் தேர்வே சரியாக இருந்தது. ஏன்? அவர்களிடம் பட்டம் இல்லை. ஆனால் கணக்கு இருந்தது. எங்கே எத்தனை பேர் இறக்கின்றனர் என்ற கணக்கு!

இன்று தமிழ்நாட்டுத் தாயிடம் அந்தக் கணக்கு இருக்கிறதா என்று கேட்கிறோம்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன. பெருமைக்குரிய செய்தி, ஒரு நாளில் வந்ததன்று. 1844-இல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை முதல் ஊர்ப்புறச் செவிலியர் வரை, தலைமுறைகள் உழைத்த உழைப்பு அது. ஆனால் அதே கணக்கெடுப்பு மற்றொன்றும் சொல்கிறது. நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் அறுவை! அரசு நிலையங்களில் 36. தனியார் மருத்துவமனைகளில் 63.8! மக்கள்தொகை அளவில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் அறுவை கூடுவதால் தாய்சேய் சாவு குறைவதாகக் காணவில்லை என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கேரளத்தில் நூற்றுக்கு 38.9 அறுவை, அங்கே 2018-20-இல் இலட்சம் பிறப்புக்குத் தாய்மார் சாவு 19. நம்மிடம் அறுவையோ அதைவிட அதிகம். தாய்மார் சாவு 54. கத்திதான் காக்கிறது என்போர் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?

அறுவையை வெறுக்கவில்லை நாம். நஞ்சுக்கொடி வழிமறித்துக் கிடக்கும்போதும், குழந்தையின் துடிப்பு தளரும்போதும், இரத்த அழுத்தம் எகிறி உயிர் ஊசலாடும்போதும், அந்தக் கத்தி கருணையின் கருவி. ஆனால் தமிழச்சியின் இடுப்பெலும்பு அரசு மருத்துவமனை வாயிலில் ஓர் அளவாகவும், தனியார் வாயிலில் நுழைந்ததும் வேறோர் அளவாகவும் குறுகிவிடுமா? சிக்கல் மிகுந்த தாய்மாரெல்லாம் அரசுப் பெரிய மருத்துவமனைகளுக்குத்தானே அனுப்பப்படுகின்றனர்! எனின், அங்கேயன்றோ அறுவை மிகுந்திருக்க வேண்டும்? காரணம் உடம்பில் இல்லை; தொழிலின் அமைப்பில் இருக்கிறது. தலைப்பிரசவ வலி பன்னிரண்டு மணி நேரமும் நீளும், பதினெட்டு மணி நேரமும் நீளும். ஒரே மருத்துவர், மாலையில் வெளிநோயாளர், இரவில் உறக்கம். அறுவை முக்கால் மணியில் முடியும், கட்டணமும் கூடும். ஒரு தழும்பு அடுத்த பேற்றுக்கும் அறுவையைக் குறித்துவைக்கிறது. அறுவை கூடக்கூட நஞ்சு தழும்பில் வேரோடும் ஆபத்தும் கூடுகிறது. பஞ்சாங்கம் இந்த வணிகத்துக்கு வாய்த்த தரகன்!

இதைக் கண்டு வெகுண்ட சிலர் நேர் எதிர்த்திசையில் ஓடுகின்றனர். "மருத்துவமே சூழ்ச்சி, பாட்டி வீட்டிலேதானே பெற்றாள்!" என்கின்றனர். 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் படங்களைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முனைந்ததில், ஓர் இளந்தாய் குருதி பெருகி இறந்தாள். பேற்றுக்குப்பின் கருப்பை சுருங்க ஓர் ஊசி போதும், விலை அற்பம். அது அந்த வீட்டில் இல்லை. இருந்தாலும் போடக் கற்றவர் இல்லை. பாட்டி பெற்றாள், உண்மை. பாட்டியோடு பெற்ற எத்தனை பேர் பாட்டியாகாமலே போனார்கள் என்று யார் சொல்வது? இருட்டறை, தீட்டு, தண்ணீர் மறுப்பு, கொடியறுத்த துருப்பிடித்த கத்தி: இவையுந்தான் அந்தப் பொற்காலம்! உயிரைக் காத்த மருத்துவச்சியோ, சாதியின் பெயரால் கொல்லைப்புற வழியாக வந்து கொல்லைப்புற வழியாகவே போனாள். பிள்ளையை முதலில் தொட்டவள் அவள். பெயர்சூட்டு நாளில் திண்ணையில்கூட அவளுக்கு இடமில்லை. அந்தக் காலத்தை மீட்கப் புறப்பட்டவர்களை இயற்கையின் காவலர் என்று அழைக்க நம்மால் முடியாது.

இரண்டுக்கும் இடையே வழி இல்லையா? உண்டு. பயிற்சி பெற்ற பேறுகாலச் செவிலியர் நடத்தும் மகப்பேற்று நிலையம். இங்கிலாந்தில் சிக்கல் இல்லாத 64,538 தாய்மாரை ஆராய்ந்து 2011-இல் முடிவு வெளியிட்டனர். தனித்து இயங்கும் செவிலியர் நிலையங்களைத் தேர்ந்தோரில் அறுவை நூற்றுக்கு 3.5, மருத்துவமனையைத் தேர்ந்தோரில் 11.1. குழந்தைகளுக்கோ கூடுதல் கேடு காணப்படவில்லை. ஆனால் தலைப்பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொள்ளத் திட்டமிட்டவர்களின் குழந்தைகளுக்குக் கேடு ஆயிரத்துக்கு 5.3-இலிருந்து 9.3-ஆக உயர்ந்தது, அதுவும் பயின்ற செவிலியர் மருந்துப்பையோடு வீடு தேடி வரும் நாட்டில்! மற்றொன்றும் காண்க: அந்தத் தனி நிலையங்களுக்குத் தலைப்பிரசவத்துக்குச் சென்றவர்களில் நூற்றுக்கு 36 பேரை மருத்துவமனைக்கு மாற்ற நேர்ந்தது. ஆகவே நிலையத்தின் உயிர் அதன் சுவரில் இல்லை. அங்கிருந்து மருத்துவமனைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. நகரங்களில் இன்று வெந்நீர்த் தொட்டியும் மெழுகுவர்த்தியும் மெல்லிசையுமாக 'இயற்கைப் பிரசவம்' விற்கப்படுகிறது. தொட்டி இருக்கட்டும், நள்ளிரவில் குருதி பெருகினால் எத்தனை நிமிடத்தில் எங்கே, யார் கொண்டுபோவார் என்ற கேள்விக்கு அங்கே என்ன விடை? அதைக் கேட்டுவிட்டுத் தொட்டியைப் பாருங்கள்.

நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் என்ன? ஏழைகளுக்கு அமைந்த மகப்பேற்று நிலையமே அது! இரவும் பகலும் செவிலியர், கட்டணம் இல்லை, சிக்கல் எனில் 108 வண்டி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 18,000 ரூபாய் மதிப்புள்ள மகப்பேற்று உதவியும் உண்டு. ஆனால் மாதச் சம்பளம் வரத் தொடங்கியதும் அந்தப் படியேற நமக்கு வெட்கம்! அரசுப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே தம் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்புவோர்போல, அரசு மருத்துவத்தை மேடையில் போற்றிவிட்டு மனைவியைத் தனியாரிடம் சேர்க்கும் தோழர் பலர்.

வெட்கம் மட்டுமன்று காரணம் என்பதையும் மறைக்க மாட்டோம். வலியில் கதறும் பெண்ணைப் பார்த்து, "அப்போது தெரியவில்லையா?" என்று ஏசும் நாக்கு அங்கே இருக்கிறது. கை ஓங்குவதும் நடக்கிறது. ஆண் பிறந்தால் ஒரு தொகை, பெண் பிறந்தால் ஒரு தொகை என்று தள்ளுவண்டிக்காரர் முதல் கைநீட்டுவதும் நடக்கிறது. இதைச் சகித்துக்கொள் என்று எந்தப் பெண்ணிடமும் சொல்ல நமக்கு உரிமை இல்லை. பிரசவ அறையில் உடன் ஒரு பெண்துணை இருக்கலாம் என்று தமிழக அரசு இருபதாண்டுகளுக்கு முன்னரே இசைந்தது. எத்தனை நிலையங்களில் அந்தத் துணையைக் கதவுக்கு வெளியே நிறுத்துகின்றனர்! பேறுகாலச் செவிலியருக்குப் பதினெட்டுத் திங்கள் தனிப்பயிற்சி தந்து, அவர்களே நடத்தும் பிரிவுகளை அமைப்பதற்கான நெறிமுறையை இந்திய அரசு 2018-இல் வெளியிட்டது. அந்தப் பிரிவு ஒவ்வொரு வட்டத் தலைநகர் மருத்துவமனையிலும் வந்தாக வேண்டும்.

வட்டிக்கடையில் விகிதம் எழுதி வைக்கின்றனர்; பேருந்தில் கட்டணம் எழுதி வைக்கின்றனர். பிரசவம் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவமனையும், அரசோ தனியாரோ, சென்ற ஆண்டில் எத்தனை தலைப்பிரசவம், அவற்றில் எத்தனை அறுவை, எத்தனை தாய்மாரை வேறிடம் மாற்றினர் என்று வாயிலில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மன்றங்களிலும் படிப்பகங்களிலும் கூடும் இளைஞர்கள் இந்தத் திங்களே தம் ஊர் நிலையத்துக்குச் சென்று, இரவுப் பணியில் எத்தனை செவிலியர், துணைக்கு ஒருத்தியை உள்ளே விடுகிறார்களா, கருப்பை சுருங்கும் ஊசி இருப்பில் உண்டா என்று கேட்கட்டும். விடையைப் படிப்பகச் சுவரில் எழுதி ஒட்டட்டும். பிறகு கடைத்தெருவில் உள்ள தனியார் மருத்துவமனைக்கும் அதே தாளோடு செல்லட்டும். வீட்டில் கருவுற்றிருக்கும் தங்கையோ மனைவியோ இருந்தால், போகும்போது அவளையும் உடனழைத்துச் செல்லுங்கள். கேள்வியை அவளே கேட்கட்டும்.