எழுதாத உரிமை

"சாலை கேட்பது உரிமையா? அரசியல் சட்டத்தில் எந்த வரியில் இருக்கிறது, காட்டு!" என்று மடக்குவோர் உண்டு. மணலூர்பேட்டைக் கடைத்தெருத் தோழரும், மேற்கே கல்வராயன் மலையில் வாழும் பழங்குடித் தோழரும் இதற்குப் பதில் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சாலை போட்டுத் தா என்று ஒரு வரி இல்லைதான். உள்ள சாலையில் சாதி சொல்லித் தடுக்காதே என்று 15-வது பிரிவு இருக்கிறது. இல்லாத சாலையில் யாரைத் தடுப்பது?

இருப்பது 21-வது பிரிவு. சட்டம் வகுத்த முறைப்படியன்றி எவர் உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்பது அது. 1950-ல், விசாரணையின்றிச் சென்னை சர்க்கார் அடைத்துவைத்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே.கோபாலன் இதைக் காட்டி உச்சநீதிமன்றம் போனார். சட்டசபை இயற்றிய சட்டம் இருக்கிறதே, போதும் என்று சொல்லிவிட்டார்கள். 28 ஆண்டு கழித்து, மேனகா காந்தி வழக்கில்தான் அந்த முறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்றார்கள். அதன்பின் 'உயிர்' என்ற சொல் விரிந்தது. 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் பிழைப்பும் உயிரில் அடக்கம் என்றது நீதிமன்றம். ஆனால், குடிசையை அகற்றும் அதிகாரத்தை ரத்துச் செய்யவில்லை! தத்துவம் ஏழைக்கு, நடைபாதை நகராட்சிக்கு!

நமக்கு வேண்டியது 1986-ம் ஆண்டுத் தீர்ப்பு. இமாசலப் பிரதேசத்து மலைக்கிராம ஏழைகள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்டோர், சாலை கேட்டு உயர்நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அது வழக்காகி உச்சநீதிமன்றம்வரை போயிற்று. மலைவாசிக்குச் சாலையும் வாழ்வுரிமையே என்று தீர்ப்பாயிற்று. கடிதம் எழுதியவர்கள் வக்கீல்களல்ல, தோழர்களே!

அதனால் நீதிபதிகளையே நம்பியிருக்கலாமா? கூடாது என்கிறோம். படித்துச் சொல்லும் உரிமையைப் படிக்காமலும் விடலாம். 1976-ல், நெருக்கடி நிலையின்போது, சட்டவிரோதமாகச் சிறைப்பட்டவனும் நீதிமன்றக் கதவைத் தட்ட முடியாது என்றார்கள் ஐவரில் நால்வர். நீதிபதி எச்.ஆர்.கன்னா ஒருவரே மறுத்தார். உயிர்வாழும் உரிமை அரசியல் சட்டம் போட்ட பிச்சையல்ல என்பது அவர் கட்சி. அவர் பக்கம் நியாயம் என்று ஒன்பது நீதிபதிகள் ஒப்பியது 2017-ல்!

கல்வி அப்படி விடப்படவில்லை. 1993-ல் தீர்ப்பில் வந்தது, 2002-ல் திருத்தத்தின் மூலம் 21-ஏ பிரிவாக ஏட்டில் ஏறியது. சாலைக்கும் மருத்துவத்துக்கும் அந்த ஏற்றம் வேண்டும்.

2024-ல் கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின், சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் நிலையைத் தானே வழக்காக எடுத்தது. சாவு விழுந்த பிறகுதானா மலை கண்ணில் படும்? இனி கிராமசபையில் மனுக் கொடுக்கும் தோழர், "கருணை கூர்ந்து" என்று தொடங்க வேண்டாம். "21-வது பிரிவின்படி" என்று தொடங்கட்டும்.